ஸ்டூல் இருக்கிறது, உட்காரத்தான் முடியாது



சந்தா புதுப்பிக்க நம் அலுவலகத்துக்கு வந்திருந்தார் பெருமுக்கல் வாசகி ஒருவர். திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. எந்தக் கடை என்று நான் எழுதப்போவதில்லை, நீங்களும் ஊகிக்க வேண்டாம். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். "இருக்கட்டும் சார், நின்னே பழகிடுச்சு" என்றவர், என்ன நினைத்தாரோ, உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்காலை அழுத்திவிட்டுக்கொண்டார். கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருட்டிக்கொண்டிருந்தது. வயது நாற்பதைத் தாண்டியிருக்காது.

"உங்க கடையில உட்கார ஏதாவது போட்டிருக்காங்களாம்மா? அதுக்குத்தான் சட்டமே வந்துடுச்சே" என்று கேட்டேன்.

"போட்டிருக்காங்க சார். எங்க செக்‌ஷனுக்கு ரெண்டு ஸ்டூல். ஒண்ணுல கஸ்டமரோட வர்ற பெரியவங்க உட்காருவாங்க. இன்னொண்ணு மேல ஏறி நின்னுதான் மேல்தட்டுச் சேலையை எடுப்போம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இந்தப் பக்கத்துக்கு வேறொரு விஷயம் எழுதி வைத்திருந்தேன். அது அடுத்த இதழுக்குப் போகட்டும்.

அந்தச் சட்டத்தைப் பலரும் மறந்திருப்பீர்கள். 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ.கணேசன், பக்கத்து மாவட்டத்துத் திட்டக்குடிக்காரர், சட்டமன்றத்தில் ஒரு திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற புதிய பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் பணியாளர்கள் எல்லோருக்கும் உட்கார வசதி செய்து தர வேண்டும். வேலைக்கு நடுவில் உட்காரக் கிடைக்கும் வாய்ப்பை அவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் நிலை கூடாது. பிரிவு சொல்வது இவ்வளவுதான். எளிய விஷயம். எதிர்த்துப் பேச என்ன இருக்கிறது? அதனால்தானோ என்னவோ, பெரிய சத்தமில்லாமல் நிறைவேறி, பெரிய சத்தமில்லாமலே மறந்தும் போனது.

யோசித்துப் பாருங்கள். 1947-இல் கடைச் சட்டம் எழுதியபோது யாருக்கும் இது தோன்றவில்லை. அடுத்த ஆண்டே வந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில், நின்றபடி வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று 44-ஆம் பிரிவில் எழுதிவிட்டார்கள். ஆக, மெஷின் முன்னால் நிற்பவருக்குக் காகிதத்திலாவது ஒரு நாற்காலி கிடைத்தது. கவுண்டருக்குப் பின்னால் நிற்பவருக்கு அதே காகித நாற்காலி வந்துசேர 73 வருடம் ஆனது. இங்கிலாந்தில் 1899-லேயே கடைப் பெண்களுக்கு இருக்கை தரும் சட்டம் வந்துவிட்டது. மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கை என்று கணக்கே போட்டார்கள். அப்போது சென்னை ராஜதானியும் அதே விக்டோரியா ராணியின் ஆட்சியில்தான் இருந்தது. ரயிலும் தபாலும் கப்பலேறி வந்தன. ஸ்டூலுக்கு மட்டும் இடமில்லை போலும்.

தமிழ்நாட்டுக்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 2018-இல், கேரளம் இதைச் செய்தது. அங்கே அது மேலிருந்து வந்த கருணை கிடையாது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் பல வருடம் போராடி வாங்கியது. அவர்களைத் திரட்டிய விஜி ஒரு தையல் தொழிலாளி. 'பெண்கூட்டு' என்பது அவர்கள் அமைப்பின் பெயர். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலியைக் கூட அல்ல, கழிப்பறை. கடைகளில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்து, நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றுமாக அவதிப்பட்டார்கள். பிறகு திருச்சூரில் ஒரு பெரிய சேலைக்கடையில் பெண்கள் சிலர், உட்காரும் உரிமை கேட்டு 2014 கடைசியில் கடை வாசலில் உட்கார்ந்தார்கள். நூறு நாளுக்கு மேல் அந்தப் போராட்டம் நடந்தது. உட்கார வேண்டும் என்பதற்காக உட்கார்ந்தே நடத்திய போராட்டம்.

நம் ஊரில் இதை முதலில் பெரிதாகப் பேசியது சட்டமன்றமோ சங்கமோ இல்லை, சினிமா. 2010-இல் வசந்தபாலன் எடுத்த 'அங்காடித் தெரு'வைப் பார்த்துவிட்டு அழாதவர் குறைவு. சென்னை ரங்கநாதன் தெருவின் விளக்கு வெளிச்சத்துக்குப் பின்னால் கடைப் பிள்ளைகள் எப்படிச் சாப்பிடுகிறார்கள், எப்படித் தூங்குகிறார்கள் என்று படம் காட்டியது. அழுதுவிட்டு வெளியே வந்து, தீபாவளிக்கு அதே தெருவுக்குத்தான் போனோம். பார்வையாளரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வேறு எங்கே போவது என்ற கேள்விக்கு எனக்கும் பதில் கிடையாது.

சரி, சட்டம் இருக்கிறது, ஸ்டூலும் இருக்கிறது. ஆனாலும் ஏன் உட்கார முடியவில்லை?

அந்த வாசகியிடம் இதையே கேட்டேன். யாரும் உட்காராதே என்று வாய் திறந்து சொன்னதில்லையாம். கடை மேலாளருக்கு வயது இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். கண்ணாடி அறையில் கேமரா பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது உட்கார்ந்தால் இன்டர்காமில் அந்த செக்‌ஷனுக்கு அழைப்பு வரும். "என்னம்மா, வேலை இல்லையா? இல்லன்னா சொல்லு, கீழ குடோனுக்கு மாத்திடறேன்." தன்னைவிட மூத்தவரை ஒருமையில் அழைக்கிறார் என்பதையும் கவனியுங்கள். அந்த ஒரு அழைப்பு போதும். அடுத்த முறை யார் உட்காருவார்கள்? கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமை மதியத்தில்கூட, மடித்த சேலையைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டு நிற்கிறார்களாம், வேலை செய்வதாகத் தெரிய வேண்டும் என்று. அதில் சேலைக்கும் லாபமில்லை, கடைக்கும் லாபமில்லை.

இன்னும் சில விவரங்கள் சொன்னார். லிஃப்ட் கஸ்டமருக்கு மட்டும். சேலைக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏற வேண்டும். காலையில் பத்து நிமிடம் தாமதமானால் அரை நாள் சம்பளம் போச்சு. இரவில் கடை சாத்த ஒரு மணி நேரம் தாமதமானால் அதற்குக் கணக்கே கிடையாது. செல்போனை நுழையும்போதே பெட்டியில் போட்டுவிட வேண்டும். பள்ளியில் மகளுக்குக் காய்ச்சல் என்று டீச்சர் காலை பதினொரு மணிக்குப் போன் செய்தது, ராத்திரி பெட்டியிலிருந்து போனை எடுத்த பிறகுதான் இவருக்குத் தெரிந்திருக்கிறது. இதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கவில்லை.

"சம்பளம் கம்மின்னு நான் சொல்ல வரல சார். கம்மிதான், அது தெரிஞ்சுதான் சேர்ந்தேன். ஒரு மனுஷியா நெனக்க மாட்டேங்கிறாங்க, அதான்."

முதலாளிகள் பலரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. வேலையாட்களின் மனக்குறை என்றாலே கூலி உயர்வு கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு வரும் கடிதங்களை வைத்துச் சொல்கிறேன், சம்பளத்தைப் பற்றிய வரி பெரும்பாலும் கடைசிப் பத்தியில்தான் வரும். முதல் பத்தியில் இருப்பது ஓர் அவமானம். எல்லோர் முன்னாலும் திட்டியது. அப்பா காரியத்துக்கு மூன்று நாள் லீவு கேட்டதற்கு, "மூணு நாள் எதுக்கு, ஒரு நாள் பத்தாதா?" என்று கேட்டது. பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் கையை உயர்த்திக் காட்ட வேண்டியிருப்பது.

நிற்க வைப்பது நமக்குப் புதிய பழக்கமில்லை. நம் கிராமங்களில் திண்ணையில் யார் உட்காரலாம், தெருவில் யார் நிற்க வேண்டும் என்பது எழுதாத சட்டமாக இருந்தது. ஆண்டை எதிரில் வந்தால் தோளில் இருக்கும் துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும். பேச்சு முடியும் வரை கைகட்டி நிற்க வேண்டும். கூலி நெல்லைக்கூட நின்றுதான் வாங்க வேண்டும். தென்னார்க்காட்டுப் பெரியவர்களில் இதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அனுபவித்தவர்களும் இருக்கிறார்கள். அந்தத் திண்ணைகளை இடித்துவிட்டுக் கிரில் கேட் போட்டாயிற்று. ஆனால், தன்னிடம் சம்பளம் வாங்குகிறவர் தன் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தால் பொறுக்காத மனசு மட்டும் ஏசி ஷோரூமுக்குக் குடிபோய்விட்டது. உட்கார்ந்தபடி ஒருவர் பில் போட்டால் வேலை கெட்டுவிடாது என்று முதலாளிக்கும் தெரியும். மரியாதை கெட்டுவிடும் என்றுதான் அவர் பயப்படுகிறார்.

வாடிக்கையாளரான நமக்கும் இதில் பங்கு உண்டு. கடைக்குள் நுழையும்போது ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தால், "பாரு, கஸ்டமர் வந்தது கூடத் தெரியாம" என்று முணுமுணுக்கிறவர் யார்? மேலாளர் அதைத்தான் சாக்காகச் சொல்கிறார்.

தொழிற்சாலைப் பக்கம் வருவோம். விடியற்காலையில் திண்டிவனம்–மரக்காணம் சாலையில் வருகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். பெருமுக்கல் மலை இருட்டில் பெரிய நிழலாகத் தெரியும் நேரம், டிபன் பையோடு பிள்ளைகள் நிற்பார்கள். கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். செய்யாறு, ஒரகடம், மறைமலைநகர், ஸ்ரீபெரும்புதூர் என்று நம் மாவட்டத்துப் பிள்ளைகள் போகாத தொழிற்பேட்டை இல்லை. பஸ்ஸிலேயே தூங்கிக்கொண்டு போய், பஸ்ஸிலேயே தூங்கிக்கொண்டு வருகிறார்கள். சட்டைப் பையில் அடையாள அட்டை இருக்கும். ஆனால் அதில் இருப்பது கம்பெனி பெயராக இருக்காது, காண்ட்ராக்டர் பெயராக இருக்கும். குறை என்று போனால் கம்பெனி காண்ட்ராக்டரைக் கைகாட்டும், காண்ட்ராக்டர் கம்பெனியைக் கைகாட்டுவார்.

2021 டிசம்பரில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் பெண்கள், தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கெட்டுப்போய் 150 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தோழிகளுக்கு என்ன ஆனது என்று சரியான தகவல் சொல்ல யாருமில்லை. வதந்தி கிளம்பியது. ராத்திரியோடு ராத்திரியாகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கலெக்டர், போலீஸ், அமைச்சர் எல்லோரும் ஓடி வந்தார்கள். ஆலையை மூடினார்கள். விடுதிகளும் சாப்பாட்டுக்கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஃபாக்ஸ்கானும் மன்னிப்புக் கேட்டது, நிர்வாகத்தை மாற்றியமைப்பதாகச் சொன்னது.

உலகத்தின் விலை உயர்ந்த போன்களில் ஒன்றை ஒரு திருகாணி பிசகாமல் பொருத்தத் தெரிந்த நிர்வாகத்துக்கு, "உன் தோழி நல்லா இருக்கா, இந்தா போன்ல பேசு" என்று சொல்ல ஒரு ஆளை நியமிக்கத் தெரியவில்லை. வேலைக்குப் போகிற இடத்தில் நடக்கிற தகராறுகளில் பெரும்பகுதி இப்படித்தான் ஆரம்பிக்கிறது. கேட்க ஒரு காது இல்லாதபோது சாலைக்கு வருகிறார்கள்.

2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்ததும் நினைவிருக்கும். கேட்டவற்றில் சம்பளமும் இருந்தது. ஆனால் நிர்வாகமும் தொழிலாளர்களும் விட்டுக்கொடுக்காமல் நின்ற இடம், சங்கம் என்று ஒன்றை ஏற்றுப் பேசுவதா இல்லையா என்பதுதான். சங்கப் பதிவே அடுத்த ஜனவரியில்தான் கிடைத்தது. தனித்தனியாகப் பேசுவோம், சங்கமாகப் பேச மாட்டோம் என்று நிர்வாகம் சொன்னால், முன்பு தனியாகப் பேசப் போனவருக்கு என்ன நடந்தது என்று தொழிலாளிக்குத் தெரியாதா?

சங்கம் என்றதும் ஒரு பழைய கதை. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னை பெரம்பூரில் தொடங்கிய மெட்ராஸ் லேபர் யூனியனைத்தான் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்பார்கள். பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர். பக்கிங்காம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களின் குறைகளில் முன்னால் வந்து நின்றது எது தெரியுமா? மதியச் சாப்பாட்டுக்கு விடும் இடைவேளை. கையைக் கழுவி, சோற்றை விழுங்கி, ஓடி வந்து மெஷின் முன்னால் நிற்க நேரம் போதவில்லை. வெள்ளைக்கார அதிகாரிகள் கை நீட்டியதும் இன்னொரு குறை. சோறும் மானமும், இந்த இரண்டிலிருந்துதான் இந்தியத் தொழிற்சங்க இயக்கமே கிளம்பியது. எனக்குப் பிடித்த விவரம் வேறொன்று. இந்தக் குறைகளை முதலில் காதுகொடுத்துக் கேட்டு, வாடியாவைத் தேடிப் போய் அழைத்து வந்த செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் தொழிலாளிகள் கிடையாது, வணிகர்கள். நம் வணிகர் சங்கங்களில் இந்த இருவர் படத்தையும் மாட்டி வைக்கலாம் என்பது என் தாழ்மையான யோசனை.

பெருமுக்கல்லைச் சுற்றியுள்ள கல்குவாரிகளிலும் கிரஷர்களிலும், மரக்காணம் உப்பளங்களிலும் வேலை செய்கிறவர்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதி முடியாது. வெயிலில், தூசியில், உப்புத் தண்ணீரில் நிற்பவர்களிடம் போய் ஸ்டூலைப் பற்றிப் பேசினால் கேலி செய்வது போல ஆகிவிடும். அவர்களுக்குத் தனி இதழே வேண்டும்.

ஏசி அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள், "எங்களுக்கு நாற்காலி இருக்கிறது சார், அதிலிருந்து எழுந்திருக்கத்தான் விடமாட்டேன் என்கிறார்கள்" என்று எழுதுகிறார்கள். தனியார் பள்ளி ஆசிரியர், மைக்ரோ ஃபைனான்ஸ் வசூல்காரர், ஐ.டி. பிள்ளைகள், நர்சுகள் எல்லோரும் சொல்வது இன்னொன்று. இரவு பத்தரை மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் மேலாளர் ஒரு செய்தி போடுவார். உடனே எல்லோரும் கட்டைவிரலை உயர்த்த வேண்டும். உயர்த்தாதவர் பெயர் காலைக் கூட்டத்தில் வரும்.

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் 90 மணி நேரம் என்று ஏலத்தை உயர்த்தினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மனைவியை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று அவர் கேட்டதற்கு நாடே சிரித்தது. நம் பெருமுக்கல் வாசகி காலை ஒன்பதரைக்குக் கடைக்குள் நுழைகிறார், இரவு ஒன்பதரைக்கு வெளியே வருகிறார். வாரம் ஆறு நாள். கணக்குப் போட்டால் 72 மணி நேரம். மூர்த்தி கேட்டதைவிட இரண்டு மணி அதிகம். யாரும் அவரைத் தேசத்தைக் கட்டி எழுப்புகிறவர் என்று சொன்னதாகத் தெரியவில்லை.

உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் சுமார் 35 சதவீதம் அதிகம். இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் அதிகம். தமிழ்நாட்டிலும் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நிறைவேறி, கூட்டணிக் கட்சிகளே எதிர்க்க, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்ததை நாம் பார்த்தோம். சட்டப் புத்தகத்தில் அது ஏறவில்லை. 12 மணி நேர வேலை கடைத்தெருவில் இல்லையா என்று ராத்திரி ஒன்பது மணிக்குத் திண்டிவனம் நேரு வீதியில் நடந்து பாருங்கள்.

முதலாளிகள் தரப்பையும் கேட்காமல் எழுதினால் இது ஆசிரியர் பக்கம் ஆகாது. தெரிந்த கடைக்காரர்கள் நிறையப் பேர் இந்த இதழின் விளம்பரதாரர்கள். அவர்கள் ஒரே குரலில் சொல்வது: "ஆள் கிடைக்கல சார். இப்ப எவனுக்கும் வேலை செய்ய மனசில்ல. நூறு நாள் வேலையும் ரேஷன் அரிசியும் கெடுத்துடுச்சு." வாடகை ஏறிவிட்டது, ஆன்லைன் வியாபாரம் வயிற்றில் அடிக்கிறது, பண்டிகை மாதங்களை நம்பித்தான் வருடத்தை ஓட்டுகிறோம் என்கிறார்கள். அதெல்லாம் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் ஆள் கிடைக்கவில்லை என்ற கதை மட்டும் எனக்கு ஒப்பவில்லை. திண்டிவனத்தில் சில கடைகளின் வாசலில் 'ஆட்கள் தேவை' என்ற அறிவிப்பை லேமினேட் செய்தே மாட்டியிருக்கிறார்கள். மழையிலும் நனையாது, வருடம் முழுக்க இறங்காது. ஆள் வந்துகொண்டுதான் இருக்கிறது, நிற்கவில்லை என்பதை அந்த அட்டையே சொல்கிறது. ஒருவர் போய் இன்னொருவர் வந்து, சரக்கு எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் அவரும் போய்விடுவார். இந்த நஷ்டத்தை எந்தக் கடையும் பேரேட்டில் எழுதுவதில்லை. எழுதிப் பார்த்தால் ஸ்டூல் விலை மலிவாகத் தெரியும்.

அந்த அட்டை இல்லாத கடைகளும் இருக்கின்றன. நான் வழக்கமாகச் சாப்பிடும் மெஸ் ஒன்றில் பதினைந்து வருடமாக அதே மாஸ்டர், அதே சப்ளையர்கள். ரகசியம் என்ன என்று உரிமையாளரிடம் கேட்டேன். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. பதினொன்றரைக்கு முதல் பந்தி வேலையாட்களுக்கு. சூடான சோறு, அன்றைய கூட்டு, பொரியல், எல்லாம் கஸ்டமருக்கு என்னவோ அதுவே. அவரும் அந்தப் பந்தியில்தான் உட்காருகிறார். "பசியோட பரிமாறுறவன் கஸ்டமர் முகத்தைப் பார்க்க மாட்டான் சார், இலையைத்தான் பார்ப்பான்" என்றார். எந்த மேலாண்மைக் கல்லூரியிலும் படித்தவரில்லை. யாராவது லீவு கேட்டால் ஏன் என்று கேட்பதில்லையாம், எப்ப வருவ என்று மட்டும் கேட்பாராம். அவருக்கும் லாபம் வரத்தான் செய்கிறது. போன வருடம் பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுத்துவிட்டார்.

கடைகளில் வேலை செய்யும் வாசகர்களுக்குச் சில விஷயங்கள். வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். நம் கடைகள் சட்டப்படி ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வழக்கமான வேலை. தொடர்ந்து நான்கு மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு அடுத்த ஆண்டில் 12 நாள் சம்பளத்தோடு விடுப்பு. மே தினம், சுதந்திர தினம், குடியரசு தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கும் வேறொரு சட்டப்படி சம்பளத்தோடு விடுமுறை. அன்று வேலை வாங்கினால் அதற்குத் தனிக் கணக்கு உண்டு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை, தகுந்த காரணம் இல்லாமலும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ தராமலும் நிறுத்த முடியாது. நிறுத்தினால் 41-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். "நாளையிலேர்ந்து வராத" என்ற ஒற்றை வாக்கியத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையை விசாரிக்க உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. குழு உறுப்பினர் பெயர்களை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். உங்கள் கடையில் ஒட்டியிருக்கிறதா, பாருங்கள்.

இருக்கை, வேலை நேரம், விடுமுறை இவற்றைப் பற்றிய புகாரைத் தொழிலாளர் துறை உதவி ஆய்வாளரிடமோ, விழுப்புரத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்திலோ கொடுக்கலாம். பெயரோடு புகார் கொடுத்தால் வேலை போய்விடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. திண்டிவனம் சின்ன ஊர், ஒரு கடையில் நின்றுவிட்டால் அடுத்த கடைக்குச் செய்தி முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். அதனால்தான் ஆய்வாளர்கள் புகார் வரும் வரை காத்திருக்கக் கூடாது என்கிறேன். ஆடித் தள்ளுபடியின்போது ஒரு நாள் மாலை, சொல்லாமல் கொள்ளாமல், சேலை வாங்க வருகிறவர் போல வந்து மாடி மாடியாகப் பார்த்துவிட்டுப் போகட்டும். ஸ்டூல் எத்தனை என்று எண்ண வேண்டாம். அதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

அடுத்த இதழிலிருந்து 'வேலைக்குப் போகிற இடம்' என்ற பகுதியைத் தொடங்குகிறோம். கடை, கம்பெனி, பள்ளி, மருத்துவமனை, குவாரி, உப்பளம், எங்கே வேலை செய்தாலும் எழுதுங்கள். நல்ல முதலாளியைப் பற்றியும் எழுதலாம், அதற்கும் இடம் உண்டு. நிறுவனத்தின் பெயரை எழுத வேண்டாம். உங்கள் பெயரையும் ஊரையும் நாங்கள் வெளியிட மாட்டோம். முதலாளிகளும் மேலாளர்களும் தங்கள் தரப்பை எழுதினால் அதே பக்கத்தில் அதே அளவு இடம் தருவோம். இருபதாம் தேதிக்குள் வந்து சேரும் கடிதங்கள் அடுத்த இதழிலேயே வரும். கையெழுத்து சரியில்லையே என்று தயங்க வேண்டாம், போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பினாலும் போதும், தட்டச்சு செய்துகொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்